அண்ணனைப் பற்றி எழுதிய வாக்கியம்

1957 மார்ச் 13, புதன்.

நேற்றைய குறிப்பில் ‘இன்சுலர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிடிவாதம் என்று பொருள் எழுதியிருக்கிறேன். அது தவறு. இன்று காலை பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுக்க உட்காருவதற்கு முன் அகராதியைப் பார்த்தேன். தீவில் வாழ்பவனைப் போல ஒதுங்கி, வெளியே இருப்பதை அறியாமலும் அறிய விரும்பாமலும் இருக்கும் மனம் என்று போட்டிருக்கிறது. பிடிவாதக்காரனுக்கு வெளி விஷயம் தெரிந்திருக்கலாம். இவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

நேற்று மாலை நேர ஆங்கில வகுப்பில் இந்தச் சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பழைய ராஜாக்களைப் பற்றி எழுதினார்கள். நான் என் அண்ணன் நாராயணப்பனைப் பற்றி எழுதினேன்: பிள்ளைகளுக்கு அம்மை குத்த விடாத என் அண்ணன் இன்சுலர். வாத்தியார் சரி என்று குறி போட்டார். பொருள் தெரியாமல் எழுதியும் வாக்கியம் பொருந்திவிட்டதே என்று காலையில் எனக்குச் சந்தோஷம். அது மதியம் வரைதான்.

அண்ணன் வீடு சூளகிரிக்குப் பக்கம். அவருடைய இரண்டாவது பெண் முனிலட்சுமி ஞாயிற்றுக்கிழமை முதல் அம்மை போட்டுப் படுத்திருக்கிறாள். அதே அறையில்தான் கைக்குழந்தையும் இருக்கிறான். அவனுக்கு இப்போதே அம்மைத் தடுப்புக் குத்திவிட்டால் தப்பலாம் என்று சுகாதார ஆபீசில் சொன்னார்கள். அம்மை குத்துகிறவர் அண்ணன் இருக்கும் எங்கள் ஊருக்கு நாளை ஒரு நாள்தான் வருகிறார். அதைச் சொல்லத்தான் அரை நாள் லீவு போட்டுப் போனேன்.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வைத்திருந்த மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டேன். வெளியூரிலிருந்து வந்தவன் என்பதால் உள்ளே போகவில்லை. அதுவரை சரியாகத்தான் நடந்துகொண்டேன். அண்ணி மங்கம்மா கதவோரம் வந்து, அம்மா வந்திருக்கிறாள், தண்ணீர் விடும்வரை யாரும் வர வேண்டாம் என்றார்.

“இது ஒட்டற நோவு அண்ணி. பையனுக்கும் வந்துரும்” என்று சொல்லிவிட்டேன்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயில் வந்துவிட்டது. அண்ணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அண்ணன் மாட்டுக்கொட்டகை வழியாக வந்தார்.

“வாங்க தொரை. அம்மா உள்ள இருக்கறப்போ வாசல்ல நின்னு நோவுன்ற. இதான் சாயங்கால பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறாங்களா?”

மன்னிப்புக் கேட்டுவிட்டு, அம்மை குத்துகிறவர் வருவதைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“சம்பங்கிக்குக் குத்தினமே, தெரியுமா உனுக்கு?”

சம்பங்கி அவருடைய மூத்த பெண். எனக்குத் தெரியாது.

“குத்தின கை சீழு புடிச்சிப் போச்சி. ராவெல்லாம் தூக்கிக்கினு நடந்தம். நீ அந்தப் பொங்கலுக்கு வந்து கரும்பு தின்னுட்டுப் போன. புள்ள கையப் பாக்கல. இப்ப கைக்கொழந்தையக் குடுன்ற.”

அப்போது சம்பங்கி கன்றுக்குட்டிக்குப் புல் எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். மேல்கையில் பெரிய தழும்பு. தங்கையின் பக்கத்திலேயே படுப்பவள், உடம்பில் ஒரு முத்துகூட இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. குத்திக்கொண்டவள் நடமாடுகிறாள், குத்தாதவள் படுத்திருக்கிறாள். ஆனால் அதைச் சொன்னால், முனிலட்சுமியைப் படுக்க வைத்தது நீதான் என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். உள்ளே அவள் முனகுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. நான் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. பையன் உயிரைப் பற்றியல்லவா பேச்சு.

“அந்த ஆளு வந்தா வரட்டும்” என்றார் அண்ணன் கடைசியாக. “உங்க அண்ணி கதவத் தெறந்தா நான் தடுக்க மாட்டன்.”

திரும்பி வந்து வகுப்பில் அந்த வாக்கியத்தை அடித்தேன். ஏன் என்று வாத்தியார் கேட்டார். உதாரணம் பொய் என்றேன். அண்ணனை எடுத்துவிட்டு என்னைப் போடலாமா என்றும் யோசித்தேன். நான் அறிய விரும்பாதவனா, கேட்காமல் இருந்தவனா? இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அகராதியில் இல்லை. இடத்தைக் காலியாகவே விட்டேன்.

நாளை: முதல் பஸ்ஸில் சூளகிரி. அம்மை குத்துகிறவரிடம் சம்பங்கியின் கை ஏன் சீழ் பிடித்தது, பையனுக்கு அப்படி ஆகாமல் என்ன செய்வார் என்று கேட்க வேண்டும். அவரை அழைத்துப் போய், அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டு, அம்மை குத்துகிறவரின் பதிலைச் சொல்ல வேண்டும்.