மஞ்சள் படையின் முறை

கடைசிக் கை நட்டுகளையும் வழித்து வாளியில் போட்டபோதுதான் அவற்றில் பலவற்றுக்குப் பெயிண்ட் அடித்திருப்பதை அவள் கவனித்தாள். சில நீலம், சில கறுப்பு, சில மஞ்சள். கூடவே லிஃப்டிலிருந்து கழற்றிய பழைய பொத்தான்களும் கிடந்தன: மூன்று, ஏழு, மேல் நோக்கிய அம்பு, மணிப் படம் போட்டது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக் வீட்டு மேசையில் நட்டு கிடக்காமல் நவரத்தினமா கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கோடு கோடாக ஏதோ வரைந்திருந்த ஒட்டுப்பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மேசையை ஈரத்துணியால் துடைத்தாள்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கொண்டுவருவார்கள். ஓர் அறையும் ஒரு கூடமும் உள்ள இந்த வீட்டில் பெட்டியை வைக்க அந்த மேசையை விட்டால் இடமில்லை. நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு.

"இந்த வாளியை என்ன பண்றது?" என்றார் கணவர்.

"குளியலறையில வைங்க. வர்றவங்க கால்ல இடறப் போகுது."

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பிழை பிடித்தே பிழைக்கிற குடும்பம் என்று அண்ணன் கேலி செய்வான். அவன் கேலி செய்து நாளாகிறது. அண்ணனுக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடும் அளவுக்குக்கூடப் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பேச்சு என்று மிஞ்சியது சனிக்கிழமைத் தொலைபேசி ஒன்றுதான். வாராவாரம் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுவான். சாப்பிட்டியா என்பான். பிறகு, "சும்மா ஒண்ணு கேக்குறேன், இடமா வலமா?" என்பான். அல்லது, "முன்னாடியா பின்னாடியா?" அவள் ஏதோ ஒன்றைச் சொன்னதும், "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுவான். முதலில் குடித்திருக்கிறானோ என்று சந்தேகப்பட்டாள். குடிப்பதில்லை என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் பெரிதாயிற்று. ஏதோ கேட்க வருகிறான், வாய் வராமல் இதைக் கேட்டுவிட்டுப் போகிறான். என்ன அது என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை ஏழு பத்துக்கும் கூப்பிட்டான். வேலை முடிந்து வந்து, வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் பெயரைப் பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். திங்கட்கிழமை இந்தக் கட்டடத்து லிஃப்ட் உதிரிபாகத்துக்காகக் காத்து நின்றிருந்தது. ஊரையே ஏற்றி இறக்கியவன் நாலு மாடியை நடந்து ஏறினான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்ததை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

பெட்டி வந்தது. கண்ணாடி வழியே தெரிந்த முகம், பாதிக் கதையில் தூங்கிப்போனவன் முகமாக இருந்தது. சுவர் முழுக்க அவன் ஒட்டி வைத்திருந்த படங்கள்: நெருப்பைக் கக்கும் விண்கலங்கள், வளையம் போட்ட கிரகங்கள், கண்ணாடித் தொப்பிக்குள் வியர்த்த முகங்கள். நாற்பத்தெட்டு வயது ஆள். அக்கம்பக்கத்தார் படங்களையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பதினொன்றரைக்கு அந்த இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் ஐம்பது வயதுப் பெண், நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். இன்னொருவன் நெட்டையாக, டாக்ஸி சாவியை விரலில் மாட்டியபடி இருந்தான். அவர்களைப் பார்த்ததுமே அவளுக்கு உறுத்தியது. டிக்கெட் இல்லாதவன் பரிசோதகரைப் பார்க்க மாட்டான், கதவைத்தான் பார்ப்பான். இருபது வருடப் பழக்கத்தில் அவளுக்கு அது அத்துப்படி. இவர்கள் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால், பெட்டிக்குக் கீழே இருந்த மேசையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போச்சு" என்றான் நெட்டையன், உதட்டை அசைக்காமல்.

"சும்மா இரு. பதிவேடு இருக்கும்" என்றார் அந்தப் பெண்.

அதற்கு அப்புறம்தான் பெட்டியருகே போய் நின்றார்கள். அந்தப் பெண் கண்ணாடிமேல் கை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. நெட்டையன் வாய்விட்டே அழுதான். வீட்டுக்காரர்களை மிஞ்சி அழுகிறவர்களை அவள் எப்போதும் நம்பியதில்லை.

"யாருங்க இவங்க?" என்று கணவரின் காதில் கேட்டாள்.

"மச்சானோட சிநேகிதங்களா இருக்கும்."

"அவனுக்கு ஏது சிநேகிதங்க?"

"நமக்குத் தெரியாததெல்லாம் இல்லன்னு ஆயிடுமா?"

சொல்லிவிட்டு அவர் நாற்காலி கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அவள் திரும்பிப் பார்த்தபோது நெட்டையனைக் காணவில்லை. அண்ணனின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. சத்தமில்லாமல் போய் நின்றாள். அவன் குனிந்து அலமாரி இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததைத் தேடவா இழுப்பறையைத் தொறந்தீங்க?"

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்குள் அந்தப் பெண்ணும் உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனார்.

"கதவு தொறந்தே இருக்கட்டும். நீங்க யாரு, என்ன வேலை செய்றீங்க, என் அண்ணனை எப்படித் தெரியும்?"

"நான் பல் டாக்டர். எங்க கட்டடத்து லிஃப்டை அவருதான் பார்த்துக்கிட்டாரு. இவரு டாக்ஸி ஓட்டுறாரு. சனிக்கிழமையானா மூணு பேரும் இங்கதான் இருப்போம். ஒன்பது வருஷமா."

"ஒன்பது வருஷமா மூடின வீட்டுக்குள்ள என்ன செஞ்சீங்க?"

பல் டாக்டர் வாயைத் திறந்து மூடினார். தினமும் மற்றவர்களின் வாயைத் திறக்கச் சொல்கிறவருக்குத் தன் வாய் வரவில்லை. நெட்டையன்தான் சொன்னான்.

"போர் நடத்தினோம்க்கா."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "விளையாட்டு. விண்வெளிப் போர் விளையாட்டு. கமாண்டரே உண்டாக்கினது. அவரைக் கமாண்டர்னுதான் கூப்பிடுவோம். லிஃப்டு பொத்தான் எல்லாம் கிரகம். நட்டு எல்லாம் கப்பல். ஒரு வாரத்துக்கு ரெண்டு படைக்குத்தான் நகர்த்தல், அதுக்கு மேல கிடையாது. மேசை மேலயே இருக்கும், யாரும் கை வைக்கக் கூடாது."

அவளுக்கு வாளி நினைவுக்கு வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"போன சனிக்கிழமையும் இருந்தீங்களா?"

"இருந்தோம்."

"ஏழு பத்துக்கு?"

இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏழு பத்துக்கு அவன் எனக்குப் போன் பண்ணான்" என்றாள். "எதுக்கு? நெஞ்சு வலிக்குதுன்னானா? மூச்சு வாங்குச்சா? மறைக்காம சொல்லுங்க."

"நல்லாத்தான் இருந்தாரு" என்றார் பல் டாக்டர். "தோத்துக்கிட்டு இருந்தாரு, ஆனா நல்லாத்தான் இருந்தாரு. நீங்க எடுக்கலையே."

இந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

"அதான் கேக்குறேன். எதுக்குக் கூப்பிட்டான்?"

"உங்க முறை வந்துச்சு. அதுக்குத்தான்."

"என்ன முறை?"

"நீங்கதான் மஞ்சள் படை" என்றான் நெட்டையன்.

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"நீலம் இவங்க. கறுப்பு நானு. பெயிண்ட் அடிக்காத நட்டு கமாண்டரோடது. மஞ்சள் என் தங்கச்சின்னாரு. முதல் நாளே சொல்லிட்டாரு. உங்க முறை வந்தா ரெண்டு வழியா சுருக்கி, போன் போட்டுக் கேப்பாரு. நீங்க சொன்னதை அப்படியே நகர்த்துவாரு. நானே முடிவு பண்ணா கள்ளாட்டம்னுவாரு."

"கதை விடாதீங்க."

"எங்களுக்கும் ரொம்ப நாள் சந்தேகம்தான்" என்றார் பல் டாக்டர். "ஏன்னா மஞ்சள்தான் ஜெயிச்சுக்கிட்டே இருந்துச்சு. அண்ணனும் தங்கையும் ரகசியமா கூட்டு வெச்சிருக்கீங்கன்னு சண்டை போட்டோம். ஸ்பீக்கர்ல போடச் சொன்னோம். அதுக்கப்புறம் உங்க குரலை நாங்களும் கேட்டோம். 'உனக்கு வேற வேலையே இல்லையாண்ணா, வலது, வெச்சிடு.' அந்தக் கோவத்துல கள்ளம் இருக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அவளுக்கு முகம் சுட்டது. தன்னுடைய சலிப்பை வருடக்கணக்காக இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

இருந்தாலும் அவள் நம்பிவிடவில்லை. நம்புவது அவள் தொழில் இல்லை. "பதிவேடு இருக்குன்னீங்களே, எடுங்க" என்றாள்.

அது தலையணைக்கு அடியில் இருந்தது. லிஃப்ட் பராமரிப்புக்குக் கொடுக்கும் நீளமான பதிவேடு. தேதி, செய்த வேலை, மீதி வேலை என்று அச்சடித்த கட்டங்கள். அண்ணனின் சதுரக் கையெழுத்து. அவள் தன் போனைத் திறந்து அழைப்புப் பட்டியலை எடுத்தாள். டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிடுவதுபோல் ஒவ்வொரு தேதியாகச் சரிபார்த்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஏழு நாலு: மஞ்சள், வலது, ஏழாம் கிரகம் பிடிபட்டது. அதற்கு முன்: மஞ்சள், பின்வாங்கல், தங்கைக்குச் சளி, குரல் சரியில்லை. அதற்கும் முன்: மஞ்சள், இடது, நீலத்துக்குப் பெருத்த நஷ்டம், பல் டாக்டர் காபி குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு தேதிகூடத் தப்பவில்லை. தப்பியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கினாள். பொய்யாக இருந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போய்விடலாம்.

கடைசிப் பக்கத்தில் போன சனிக்கிழமை இருந்தது. செய்த வேலை என்ற கட்டம் காலி. மீதி வேலை என்ற கட்டத்தில் எழுதியிருந்தான்:

மஞ்சளின் முறை. போன் எடுக்கவில்லை. வேலையில் இருப்பாள், பாவம். காத்திருப்போம்.

வெந்நீரின் சூடு அவள் பாதத்தில் திரும்ப ஏறியது. பதிவேட்டை மூடினாள். அழுகை வந்தது, அதை இவர்கள் முன்னால் அழ அவளுக்கு மனமில்லை.

"நட்டெல்லாம் குளியலறையில இருக்கு" என்றாள். "நான்தான் வாரிப் போட்டேன். குப்பைன்னு நெனச்சேன்."

நெட்டையன் போய் வாளியைத் தூக்கிவந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன் ஒரு மஞ்சள் நட்டை எடுத்துச் சட்டையில் துடைத்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பல் டாக்டர் ஒட்டுப்பலகையைக் கொண்டுவந்து அண்ணனின் கட்டில்மேல் போட்டார். அவர் பதிவேட்டைப் பார்த்துப் படிக்க, நெட்டையன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். மூன்றாம் கிரகத்தில் நீலம் நாலு. மணிக் கிரகத்தில் கறுப்பு இரண்டு. பெயிண்ட் அடிக்காத நட்டுகள் ஒரு மூலையில் ஆறே ஆறு, அவற்றைச் சுற்றி மஞ்சள். எண்ணிக்கை சரியாக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து, அண்ணன் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போர்வையைக் கட்டினான். அதுதான் கப்பல். அவள் ஆறு வயது பைலட். விண்வெளி இருட்டாக இருக்கும், கண்ணை மூடிக்கோ என்பான். இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வரும். பைலட், இடமா வலமா?

"இதுதான் அன்னிக்கு இருந்த நிலைமை" என்றார் பல் டாக்டர். விரலால் ஒரு மஞ்சள் நட்டைக் காட்டினார். "இது போகணும். இடமா வலமான்னுதான் கேக்க இருந்தாரு."

"இடது பக்கம் என்ன இருக்கு?"

"சொல்லக் கூடாது. அவரு சொன்னதே இல்ல."

"தெரியாம எப்படிச் சொல்றது?"

"ஒன்பது வருஷமா தெரியாமதான சொன்னீங்க" என்றான் நெட்டையன்.

அவள் பலகையைக் குனிந்து பார்த்தாள். இருபக்கமும் வெறும் கோடுகள். எந்தப் பக்கம் போனால் அந்த ஆறு நட்டுகளும் பிழைக்கும் என்று பார்த்தாள். அவளுக்குப் புலப்படவில்லை.

"அப்புறம் சொல்றேன்" என்று வெளியே வந்துவிட்டாள்.

நாலு மணிக்கு நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அதன் கதவில் அண்ணன் கையாலேயே எழுதி ஒட்டிய தாள் இருந்தது: மன்னிக்கவும், விரைவில் சரியாகும். படிக்கட்டு குறுகல். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெட்டியைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்று கடந்தாள். கணவர் வண்டியைக் கொண்டுவர முன்னாலேயே போய்விட்டார்.

தரைத்தளத்தில் நடை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் வாசல், இரண்டும் ஒரே தெருவுக்குத்தான் போகும். வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வேறு நாளாக இருந்தால் எல்லோரையும் நிற்க வைத்துவிட்டு, தானே போய் எட்டிப் பார்த்திருப்பாள்.

முன்னால் தூக்கியவர் தோளில் பாரத்தோடு, தலையைத் திருப்ப முடியாமல் கேட்டார். "அம்மா, இடமா வலமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இடது."

பெட்டி இடதுபக்கம் திரும்பியது. அவளுக்குப் பின்னால் பல் டாக்டர் பதிவேட்டைப் பிரித்து, கைப்பையில் பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது.