முப்பத்தாறாம் பக்கத்துக்கு ஒரு முன் படம்

ஒரு திட்டம் முடிகிறபோது அதன் நிறைவு மலரில் அச்சானவை மட்டும் ஊரில் நிற்கும். அச்சாகாதவை, மலர் வெளியிட்ட மறுநாள் காலை ஏழு மணிக்குள் திட்டம் வருவதற்கு முந்திய நிலைக்குத் திரும்பிவிடும். வைப்பாற்றுக்குத் தெற்கே உள்ள ஊர்களில் இது எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடை எந்தக் கிழமை திறக்கும் என்பதைப் போல இதையும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

அந்த மலர்களைத் தயாரிப்பவள் ஞானசௌந்தரி. மானாவாரி வேளாண் மேம்பாட்டுத் திட்டத்தின் தகவல் தொடர்பு அலுவலர் என்று அவள் அடையாள அட்டையில் போட்டிருக்கும். நாற்பத்திரண்டு வயது. இதற்கு முன் நான்கு திட்டங்களை முடித்துவைத்தவள். திட்டம் தொடங்க ஆயிரம் பேர் வருவார்கள், முடித்துவைக்கத் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவளே சொல்லுவாள், அது உண்மையும்கூட. மலரில் ஒரு பசு வர வேண்டுமென்றால் கொம்பிலிருந்து வால் நுனிவரை வர வேண்டும் என்பதை மற்றவர்கள் அவளிடம்தான் கற்றுக்கொண்டார்கள். அவள் வேலைக்கு வருமுன் வேறொருவர் தயாரித்த மலரில், பக்கம் பார்க்க அழகாக இருக்கிறதென்று ஒரு பசுவைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். அதன் முன்பாதி இன்றைக்கும் நல்லாம்பட்டியில் நன்றாகத் தீவனம் தின்கிறது. பால்தான் இல்லை.

இந்தத் திட்டம் ஏழு வருடம் நடந்தது. மலருக்கு நாற்பது பக்கம். முன்னும் பின்னும் வாழ்த்துரைகளுக்கு நான்கு போக, முப்பத்தாறு விவசாயிகளுக்கு ஆளுக்கொரு பக்கம். பக்கத்தின் மேல்பாதியில் முன் படம், அதாவது திட்டம் வருமுன் நிலம் கிடந்த கிடை. கீழ்ப்பாதியில் பின் படம். முன் படம் இல்லாமல் பின் படத்தை மட்டும் போட்டால் அது நிற்காது. தான் எதிலிருந்து மாறினோம் என்று அதற்கே தெரியாமல் இரண்டொரு நாளில் கலைந்துபோகும்.

முன் படம்தான் யாரிடமும் இல்லை. எந்தத் திட்டத்திலும் இருந்ததில்லை. திட்டம் தொடங்கும் வாரத்தில் எல்லோரும் தொடக்க விழாவில் இருப்பார்கள். அலுவலகக் கணினியில் முதல் வருடத்துப் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. நானூறில் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். பாக்கிப் பன்னிரண்டிலும் குத்துவிளக்கு.

ஆகவே கடைசி மாதத்தில் சௌந்தரி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தரிசு தேடிப் போவாள். எங்காவது வெடித்துக் கிடக்கும் நிலத்தைப் படம்பிடித்து, இன்னாருடைய முன் படம் என்று போடுவாள். இதில் ஒரு சங்கடம் உண்டு. அச்சானது எதுவோ அது நிற்கும் என்பதால், முன் படத்தில் வந்த தரிசும் காலத்துக்கும் தரிசாகவே நின்றுவிடும். அதனால் யாருக்கும் நட்டமில்லாத இடமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். மாட்டுச்சந்தைத் திடல், ஹெலிகாப்டர் இறங்குவதற்காகத் தட்டிவைத்த மைதானம், பள்ளிக்கூட விளையாட்டு மைதானம் என்று அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கைதட்டி அனுப்பிவைத்தார்கள். ஒரே இடத்தை இரண்டு பேருக்குப் போடவும் கூடாது. மூன்றாவது திட்டத்தில் அவசரத்துக்கு அப்படிச் செய்து, இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே கன்றுக்குட்டி செத்த ஞாபகம் வந்து, யாருடைய கன்று என்று இன்னும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

முப்பத்தைந்து பக்கம் முடிந்துவிட்டது. முப்பத்தாறாவது பக்கம் ஓடைக்குளம் மாரீஸ்வரியின் பண்ணைக்குட்டை. பின் படம் பிரமாதமாக இருந்தது. குட்டை ததும்பி நின்றது, கரையில் ஆமணக்கு, அப்பால் மிளகாய்ச் செடி. முன் படத்துக்கு மாவட்டத்தில் நட்டமில்லாத தரிசு ஒன்றுகூட மிச்சமில்லை. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு சிவகாசியில் அச்சேறியாக வேண்டும்.

திட்ட இயக்குநர் தனுஷ்கோடி நல்ல மனிதர், எல்லாம் நல்லபடியாகவே முடியும் என்று நம்புகிறவர். நான்கு மணிக்குள் முன் படம் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் அலுவலக ஜீப்பைப் போட்டுவிடலாம் என்று சொன்னார். பக்கத்தை வெறுமையாக விட முடியாது, விட்டால் அந்த வெறுமையும் ஊரில் எங்காவது நின்றுவிடும். ஜீப்புக்கு முன் படமும் அவரிடம் தயாராக இருந்தது. ஜீப் இல்லாத ஒரு கொட்டகை.

வியாழன் காலை மாரீஸ்வரி இடுப்பில் பிள்ளையோடு அலுவலகத்துக்கு வந்தாள். இருபத்தொன்பது வயது, திட்டத்தில் முதலில் பெயர் கொடுத்தவள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஜீப் என்று எழுதியிருப்பதை யாரோ சொல்லிவிட்டார்களாம். அழவோ கோபப்படவோ இல்லை. இயக்குநர் முன்னால் கணக்கை எடுத்துவைப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

“குட்டை போனா தண்ணி போயிரும் சார். தண்ணிய நம்பித்தான் அவுக திருப்பூர விட்டு வந்தாக. தண்ணி இல்லைன்னா அவுக வந்திருக்க மாட்டாக. அவுக வரலைன்னா இவ பொறந்திருக்க மாட்டா.”

அவுக என்பது அவள் கணவன். இவள் என்பது மடியில் இருந்த தர்ஷினி. மூன்றரை வயது. மேசைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தன் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தாள்.

தனுஷ்கோடி பிள்ளையைப் பார்த்தார், ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் முன் படம் இல்லாமல் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். அது நியாயம்தான். சௌந்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆறரை மணிநேரம் இருக்கிறது, அது ஏகப்பட்ட நேரம் என்று சொல்லி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். மாரீஸ்வரியும் பிள்ளையும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

முதலில் ஓடைக்குளத்திலேயே சங்கரமூர்த்தியைப் போய்ப் பார்த்தார்கள். பதினொரு வருடமாக அவர் நிலத்தில் கலப்பை படவில்லை. காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் மரியாதையாகக் கைகூப்பினார். வருகிற வருடம் அதில் மாதுளை போடலாம் என்று இருக்கிறாராம். அடுத்து ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர். அவருடைய இரண்டு ஏக்கரிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஓய்வுபெற்ற நாளிலிருந்து அடுத்த மாதம் வெட்டப்போவதாகச் சொல்லிவருகிறவர், அன்றைக்கும் அதையே சொன்னார். தரிசு வைத்திருப்பவர்களைப் போல நம்பிக்கை உள்ளவர்களை சௌந்தரி எங்கேயும் பார்த்ததில்லை. விளைகிற நிலக்காரர்கள் எந்நேரமும் புலம்புவார்கள். தரிசுக்காரர்களோ ஆளுக்கொரு தோப்பை மனசுக்குள் வளர்த்துவைத்திருந்தார்கள்.

கடைசியாகக் கோயில் நிலம். பூசாரி, தன் கையில் ஒன்றுமில்லை, பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் அம்மன் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. இரண்டு பொட்டலங்களையும் குலுக்கிப் போட்டு, தர்ஷினியை ஒன்றை எடுக்கச் சொன்னார். சிவப்பு வந்தது. அம்மனுக்கும் அந்த நிலத்தைப் பற்றி ஏதோ யோசனை இருக்கிறது என்று சொல்லிப் பூசாரி விபூதி கொடுத்தார்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. மாரீஸ்வரி கோயில் வாசலில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த தயிர்ச்சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டினாள். வழக்கமாக நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்று விடுகிறவள், அன்றைக்கு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்து ஊட்டினாள். பிள்ளையின் தலையை வாரி, பிரித்து, திரும்பவும் வாரினாள். சௌந்தரிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. நான்கு திட்டங்களில் அவள் கையால் எத்தனையோ விட்டுப்போயிருக்கின்றன, கிணறு, கொட்டகை, ஒருமுறை ஒரு பால் கூட்டுறவுச் சங்கமே காலை ஏழு மணிக்குப் போயிருக்கிறது. எதற்கும் யாரும் தலைவாரி அனுப்பியதில்லை.

“ஏறு மாரீஸ்வரி, ஒரு இடம் இருக்கு,” என்றாள்.

சாத்தூர் போகிற சாலையில் ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஸ்கூட்டர் நின்றது. மூன்றரை சென்ட் மனை, நான்கு மூலையிலும் கல். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, இது மட்டும் வெடித்து, பாளம் பாளமாகக் கிடந்தது. படத்தில் மூன்றரை சென்ட்டும் மூன்று ஏக்கரும் ஒன்றுதான். சௌந்தரி கேமராவை எடுத்தாள்.

“யாரு நிலம் மேடம்?”

“தெரிஞ்சவங்களோடது.”

“அவுகளுக்குச் சம்மதமா? இனிமே எந்தக் காலத்திலயும் இதுல ஒண்ணும் வராதே.”

“கேட்டுட்டேன். சம்மதம்தான்.”

அந்த மனையை சௌந்தரி வாங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. இப்போது இருக்கும் வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. காலண்டர்கூட நாற்காலி மேல்தான் சாய்ந்திருக்கும். கட்டப்போகும் வீட்டின் வரைபடம் மடித்து மடித்துக் கிழிந்து அவள் கைப்பையில் கிடந்தது. எங்கெங்கே ஆணி என்பதுவரை அதில் குறித்திருந்தாள். அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, நிறையவே. மணி இரண்டரை ஆகியிருந்ததால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தாள்.

கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஒரு மூலை படத்துக்கு வெளியே நிற்கும். அந்த மூலையில் ஒரு அறையாவது போட்டுக்கொள்ளலாம். அப்படியும் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். படம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, யார் பார்த்தாலும் குறை சொல்கிற மாதிரி இருந்தது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவள், அதை அழித்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நான்கு கல்லும் விழுகிற மாதிரி நேராக எடுத்தாள். நல்ல படம். அவளுக்கே பெருமையாக இருந்தது.

மாரீஸ்வரியைப் பேருந்து ஏற்றிவிட்டு சிவகாசிக்குப் போனாள். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் காளீஸ்வரன், வலது பக்கம் கொஞ்சம் வெட்டினால் எடுப்பாக இருக்கும் என்றான். வெட்ட வேண்டாம், முழுசாக வரட்டும் என்றாள். படத்துக்குக் கீழே தன் கையால் ‘மாரீஸ்வரியின் நிலம், திட்டத்துக்கு முன்’ என்று எழுதிக் கொடுத்தாள். நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தனுஷ்கோடி வந்து பார்த்தார். ஜீப்பை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மலர் வெளியிட்டார்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் ஜீப் கிளம்பிவிட்டது. ஏழு மணிக்கு அலுவலகம் முன்பு இருந்தபடி கோழிப்பண்ணையாகிவிட்டது. நகரப் பேருந்தில் வந்து இறங்கிய தனுஷ்கோடி, கோழிகளை விலக்கிக்கொண்டு தன் நாற்காலி இருந்த இடம்வரை போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, விடைபெற்றுக்கொண்டு போனார். ஏழு வருடம் எங்கேயோ இருந்துவிட்டு வந்த களைப்பு எதுவும் கோழிகளிடம் தெரியவில்லை.

ஏழு ஐந்துக்கு சௌந்தரி போன் போட்டாள். மூன்று முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தாள் மாரீஸ்வரி.

“குட்டை இருக்கு மேடம். அவுக இருக்காக, இன்னும் எந்திரிக்கல. இவளும் இருக்கா, பல்லு வெளக்க மாட்டேன்னு ஒரே அடம்.”

பின்னாலிருந்து பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. சௌந்தரி போனை வைக்காமல் அதைக் கடைசிவரை கேட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மனையைப் பார்க்கப் போனாள். ஒத்திவைத்த வருத்தத்தைப் பட்டு முடித்துவிடலாம் என்று எண்ணம். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் நிலம் படத்தில் இருந்தபடியே வெடித்துக் கிடந்தது. நடுவில், படத்துக்குக் கீழே சௌந்தரி எழுதிக் கொடுத்தபடியே, திட்டத்துக்கு முந்திய மாரீஸ்வரி இரண்டு காலிக் குடங்களோடு நின்றாள். ஏழு வயது குறைந்து, மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. இடுப்பில் பிள்ளை இல்லை. சௌந்தரியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“இங்க ஏதோ திட்டம் வருதுன்னு சொன்னாக. வெள்ளனத்துலருந்து நிக்கேன். நீங்கதானா மேடம்?”

“நான்தான்,” என்றாள் சௌந்தரி.

கைப்பையில் எழுதுவதற்கு வேறு காகிதம் இல்லை. வீட்டின் வரைபடத்தை விரித்து, அதன் பின்பக்கத்தில் மாரீஸ்வரி என்று முதல் பெயராக எழுதிக்கொண்டாள். கணவர் எங்கே என்று கேட்டதற்கு, திருப்பூரில் இருப்பதாகவும், இங்கே வந்து அவர் என்ன செய்வார் என்றும் மாரீஸ்வரி சொன்னாள். சௌந்தரி அதையும் எழுதிக்கொண்டு, கேமராவை எடுத்தாள். குடம் ஒரு கல்லை மறைத்தது. இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னாள். கேமராவைப் பார்த்ததும் மாரீஸ்வரிக்குக் கூச்சமாகச் சிரிப்பு வந்தது.

“இப்பச் சிரிக்காதம்மா,” என்றாள் சௌந்தரி. “அது பின் படத்துக்கு.”

மாரீஸ்வரி உதட்டை மூடிக்கொண்டு நேராக நின்றாள்.