வேலுச்சாமியின் ஸ்டியரிங்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஆசிப் பாய் கத்துவான், ஆனால் வேலை சுத்தமாக இருக்கும் என்பார்கள். எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். வேலுச்சாமி அண்ணாச்சியிடம் கத்தியதை நினைத்தால்தான் இப்போதும் வாய் கசக்கிறது.

ஆனைக்குட்டத்திலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற பழைய கார் அவருடையது. ஏழு பேர் உட்காரலாம், பத்துப் பேர் போவார்கள். அவர் மனைவி முருகம்மாள் அக்காவும் அதில் ஒருத்தி. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், ஸ்டியரிங் ஆடுகிறது என்று காரைக் கொண்டுவந்தார். சீசன் நேரம், மறுநாள் காலையில் வண்டி கட்டாயம் வேண்டும் என்றார்.

"நேரா போகையில ஆடுதா, திருப்பையில ஆடுதா?"

"தெரியல பாய். ஆடுதுன்னு முருகம்மாதான் சொன்னா."

"ஓட்டுறது நீங்களா, அக்காவா?"

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீட்டில் உட்கார்ந்து திருப்பிப் பார்த்தேன். நாலு விரல் அகலத்துக்கு ஸ்டியரிங் சும்மா சுற்றியது, அதற்கப்புறம்தான் சக்கரம் அசைந்தது. அட அல்லாவே, இதை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் ரோட்டில் போகிறார்! அவரை சீட்டில் உட்காரவைத்து, இடமும் வலமும் ஆட்டச் சொல்லிவிட்டு நான் வண்டிக்கடியில் படுத்தேன். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கிற கம்பியின் முனையில் ஒரு மூட்டு இருக்கும். அதில் கையை வைத்தால் ஆட்டம் எங்கே என்று தெரிந்துவிடும். இடதுபக்க மூட்டு டக் டக் என்று கையில் இடித்தது. நட்டு கழன்று வராமலிருக்கக் குறுக்கே போடுகிற இரும்புப் பின்னைக் காணோம். அந்த ஓட்டையில் யாரோ செம்புக் கம்பியைக் கோத்து முறுக்கிவிட்டிருந்தார்கள். கம்பி ஒரே ஓர் இழையில் நின்றது, நட்டு பாதிக்கு மேல் கழன்றிருந்தது.

"எந்தக் கிறுக்குப்பய பார்த்த வேலை இது?"

"நாந்தான் பாய். பின்னு ஒடிஞ்சு போச்சு."

"அதுக்குச் செம்புக் கம்பியா? ஒரு ஆணி கூடவா கிடைக்கல?"

"இரும்புன்னா கை போக மாட்டேங்குது. பதினாறு வருசம் பட்டாசு மருந்து ரூமுல கெடந்தவன். அங்கன இரும்பே ஆகாதுல்ல. உரசுனா பொறி பறக்கும்."

"ரோட்டுல என்ன மருந்தா கலக்குறீக? பத்துப் பொம்பளைகள ஏத்திக்கிட்டுப் போறீகளே, அறிவு வேண்டாமா?"

வலதுபக்க மூட்டும் தேய்ந்திருந்தது. முனகிக்கொண்டே இரண்டையும் கழற்றி என் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன். இனி ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை, குழந்தைகூட ஒரு விரலால் சுற்றலாம். புது மூட்டைப் போடுவதற்கு முன்னால் ஸ்டியரிங்கை நடுவில் கொண்டுவரச் சொன்னேன். அவர் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இப்பத்தான் பாய் கச்சிதமா இருக்கு. ஆட்டமே இல்ல. நீங்க கைய வச்சா வச்சதுதான்."

மூட்டு இரண்டும் என் வயிற்றின்மேல் கிடந்தன. பிறகு வெளியே வந்து, கையைக் காட்டச் சொன்னேன். வெந்து ஆறிய தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், தழும்பு என்று விட்டுவிட்டேன். ஸ்குரூ டிரைவரின் நுனியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரூமு வெடிச்சதுல இருந்து ரெண்டு கையிலயும் ஒண்ணும் தெரியாது பாய்," என்றார். "ஏழு வருசமாச்சு. கண்ணு இருக்குல்ல, அத வச்சு ஓட்டுறேன்."

நான் வேலையை முடித்தேன். புது மூட்டுகள், புது நட்டு, புது இரும்புப் பின். பின்னின் இரண்டு காலையும் மடக்கிவிட்டேன். ஓட்டிப் பார்த்தேன், வண்டி நூல் பிடித்தமாதிரி போனது. வந்து இறங்கி, சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"வண்டி ரெடி. சாவி தரமாட்டேன்."

"பாய், நஷ்டஈட்டப் போட்டு வாங்குன வண்டி. இந்தக் கைக்கு வேற யாரு வேலை குடுப்பா?"

"பத்து உசுரு அண்ணாச்சி. நீங்க கெஞ்சுனாலும் தரமாட்டேன்."

அவர் கெஞ்சவில்லை. ரோட்டோரமாக நடந்தே போய்விட்டார். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

காலையில் ஆறரைக்குக் கடையைத் திறக்க வந்தால், வாசலில் தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். வேலுச்சாமி அண்ணாச்சி தள்ளி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். பெண்களில் மூத்தவள் மாடத்தி முன்னால் வந்தாள்.

"சாவியக் குடு பாய். நேரமாச்சுன்னா கம்பெனி கேட்ட அடைச்சிருவான்."

"ஆத்தா, அவரு கையில உணர்ச்சியே கிடையாது. தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாம? அந்த ரூமுல இருந்து அவர இழுத்துப் போட்டதே நாங்கதான்."

"தெரிஞ்சுமா ஏறுறீக?"

"ஏறாம? லோடு ஆட்டோவுல தொங்கிக்கிட்டுப் போகச் சொல்றியா? நாங்க போயி உக்கார்ற எடம் என்ன எடம்னு ஒனக்குத் தெரியாதா? அங்கன பயப்படாதவளுக இங்கன பயந்து என்ன ஆகப்போவுது?"

பின்னால் ஒருத்தி சிரித்தாள். சாவியை எடுத்து நீட்டினேன்.

அதை வாங்கிக்கொண்டது முருகம்மாள் அக்கா.

"தம்பி, ஒரு நிமிசம். எம்புட்டு ஆடுனா சரி, எம்புட்டு ஆடுனா தப்புன்னு எனக்குக் காட்டுங்க. பக்கத்து சீட்டுல நாந்தான் உக்காருவேன். ஒரு கைய எப்பவும் ஸ்டியரிங்குல வச்சுக்கிட்டேதான் போவேன்."

காரைத் திறந்து, ஸ்டியரிங்கை லேசாக ஆட்டிக் காட்டினேன். அக்கா இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தபடி வலது கையை நீட்டி அதைப் பிடித்துப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் கழுவியும் போகாத, பட்டாசுக்குப் போடும் வெள்ளிப்பொடி.

"ரெண்டு விரலுக்கு மேல ஆடுனா வண்டிய நிப்பாட்டிருங்கக்கா," என்றேன்.

"சரி தம்பி. நேத்தும் எனக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஆனா இப்பல்லாம் எனக்கும் விரலு மரத்து மரத்துப் போகுது."

அண்ணாச்சி வந்து ஏறினார். என்னைப் பார்க்கவில்லை. கார் புகையைக் கிளப்பிக்கொண்டு வெம்பக்கோட்டை ரோட்டில் திரும்பியது. கண்ணாடி வழியாக ஒரே ஸ்டியரிங்கில் மூன்று கை தெரிந்தது.

அந்த ஸ்டியரிங்கில் ஒரு குறையும் இல்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அன்று சாயங்காலம் அந்தக் கார் திரும்பிப் போவதைப் பார்க்கிறவரை எனக்கு ஒரு வாய் டீ இறங்கவில்லை. மறுநாள் காலையிலும் அது போனது.