பதினோரு மணி நேரத்து எண்கள்

ஈயத்தை உறைய விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அம்சவல்லியின் வேலை. வல்லம் வடகாலில் குழாய்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் பின்கொட்டகையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சோதனைக் கருவி நின்றது. உருகிய ஈயம் அதில் மேலிருந்து கீழே இறங்கும். அதன் நடுவே மெல்லிய குழாய்களில் தண்ணீர் கீழிருந்து ஏறி, ஈயத்தின் சூட்டை வாங்கி ஆவியாகும். ஈயத்தால் குளிர்விக்கும் புதுவகை அணு உலைக்கான குழாய்கள் அவை. இங்கே அணு கிடையாது. உலையின் வேலையை மின்சார ஹீட்டர்கள் செய்தன.

முந்நூற்று இருபத்தேழு டிகிரிக்குக் கீழே போனால் ஈயம் கல்லாகிவிடும். அதனால் உள்ளே விடும் தண்ணீரையே அதைவிடச் சூடாக, கடும் அழுத்தத்தில் அனுப்ப வேண்டும். ஐந்நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓட வேண்டும், நடுவில் ஒருமுறை உறைந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. சோதனை தேறினால், ஆறு வருடமாகக் காண்டிராக்டில் இருக்கும் அம்சவல்லிக்குப் பர்மனன்ட். கடிதம்கூடத் தயாராக இருப்பதாக சூப்பர்வைசர் கண்ணப்பன் சொல்லியிருந்தார்.

முந்நூற்றுப் பத்தாவது மணி நேரத்தில் ஆயுத பூஜை வந்தது.

கற்பூரம் காட்டும்போது அங்கே எந்த இயந்திரமும் ஓடக்கூடாது. லேத் முதல் கேன்டீன் கிரைண்டர் வரை நிறுத்தி, பொட்டு வைத்து, பிறகுதான் பூஜை.

“இத மட்டும் வுட்ருங்க சார். ஈயம் கட்டிக்கும்,” என்றாள்.

“பெரியவரு வந்துகினு கீறாரு. எல்லாம் கம்முனு இருக்கசொல்ல உன்து மட்டும் உறுமிகினு இருந்தா நல்லாவா கீது? அரை அவர்தான். இன்னா ஆயிடப் போவுது?” என்றார் கண்ணப்பன்.

எலக்ட்ரீஷியன் சாம்சன் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி சிரித்தான். “ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன் நானு. என்னிய வச்சுதான் உங்க பூஜைய ஆரம்பிக்கணுமா சார்?”

முதலாளியின் கார் ஒரகடம் சிக்னலில் மாட்டிக்கொண்டது. அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. கருவியின் அடிப்பாகத்தில் ஈயம் உறைந்துவிட்டது.

உறைந்ததை மேலிருந்து கீழாகத்தான் உருக்க வேண்டும். அடியில் முதலில் உருகினால் ஈயம் விரியும். விரிய இடமில்லாமல் குழாயை உடைக்கும். அம்சவல்லி ஹீட்டர்களை ஒவ்வொன்றாக, மேலிருந்து போட்டாள். ஒன்பது மணி நேரம் பிடித்தது. குழாய் ஒன்றும் உடையவில்லை.

கணினிப் பதிவும் அதே மெயினோடு நின்றது; ஈயம் மறுபடி ஓடிய பிறகுதான் அதைத் திரும்பப் போட்டார்கள். பதினோரு மணி நேரம் வெறுமையாகக் கிடந்தது. கையால் எழுதும் பதிவேடு மட்டும் மிச்சம்.

“உறைஞ்சிச்சுன்னு எழுதிடவா சார்?”

“எழுது. மறுபடி மொதல்லேர்ந்து இருவத்தோரு நாளு ஓட்டு. அதுக்குள்ள உன் காண்டிராக்ட் முடிஞ்சிடும்.” கண்ணப்பன் பொரியை மென்றார். “பெரியவரு நிறுத்தச் சொன்னாருன்னு எவன் சாட்சி சொல்லுவான்? அவனா?”

சாம்சன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அம்சவல்லி எழுதினாள். முந்தைய நாட்களின் எண்களைப் பார்த்து, ஒரு டிகிரி ஏற்றி, ஒரு டிகிரி இறக்கி, அரை மணிக்கு ஒன்றாக இருபத்திரண்டு வரி. கணினிக்குக் கோளாறு என்று ஒரு குறிப்பு.

சோதனை தேறியது. பர்மனன்ட் கடிதமும் வந்தது. இரண்டு மாதம் கழித்து வாங்குகிற தரப்பிலிருந்து பிரவீனா என்ற பொறியாளர் அறிக்கையோடு வந்தார்.

“மத்த நாள்ல ரீடிங் அஞ்சாறு டிகிரி ஆடுது. இந்தப் பதினோரு மணி நேரம் மட்டும் அவ்வளவு சுத்தம்,” என்றார். “ஈயத்துலேர்ந்து தண்ணிக்கு எவ்வளவு சூடு போகுதுன்னு இதை வச்சுத்தான் கணக்குப் போட்டோம். உலைக்குப் போற குழாயோட நீளத்தையும் கொஞ்சம் குறைச்சாச்சு. யாரு டியூட்டி?”

“நம்ம அம்சாதான் மேடம்,” என்றார் கண்ணப்பன்.

அம்சவல்லி குறுக்கிட்டாள். “மேடம், இன்னொரு தபா ஓட்டிப் பாத்துட்டா…”

“எதுக்கு? இதைவிட நல்லா வராது.”

பிரவீனா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் கண்ணப்பன் குரலைத் தாழ்த்தினார். “ஓட்டுனா நெசம் வந்துடும்மா. தாங்குவியா?”

திரும்பி வந்த பிரவீனா அறிக்கையின் கடைசிப் பக்கத்தை விரித்தார். சோதனையை ஓட்டியவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. காண்டிராக்ட் ஆளின் கையெழுத்தை அவர்கள் ஏற்பதில்லை. அதனால் அதுவரை விட்டுவைத்திருந்தார்கள். பர்மனன்ட் ஆகிவிட்டதால் அம்சவல்லியின் கையெழுத்து இப்போது செல்லும்.

பேனாவைக் கண்ணப்பனே மூடி கழற்றிக் கொடுத்தார். அம்சவல்லி முழுப் பெயரையும் எழுதினாள்.