பி.ஏ. மார்க்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுந்தரபாண்டி, எதிரே இருந்த மிளகாய் வத்தல் தரகர் பீடி பற்றவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்திருக்கக் கூடாது. தரகர் குச்சியை உரசினார், பீடியைப் பற்றவைத்தார், பெட்டியை மடியில் செருகப் போனவர் சட்டென்று நின்று பெட்டியைப் பார்த்தார். அப்புறம் இவனைப் பார்த்தார். மறுபடி பெட்டி. மறுபடி இவன்.

"ஏலே, இங்கன பாருங்கப்பா! பெட்டியில இருக்க ஆளு டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு!"

கடையே திரும்பியது. தரகர் எழுந்து வந்து பெட்டியை அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டார். லேபிளில் அதே மூக்கு, அதே அரும்பு மீசை. ஆனால் தலையில் சதுரத் தொப்பி, தொப்பியிலிருந்து தொங்குகிற குஞ்சம், உடம்பில் கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம். கீழே கொட்டை எழுத்தில் ‘பி.ஏ. மார்க்’. "தம்பி பி.ஏ.வா?" என்று கேட்டார் தரகர், மரியாதைக்காகப் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. சுந்தரபாண்டி தலையை ஆட்டினான். அது ஆமாமா இல்லையா என்று அவனுக்கே தெரியாத ஆட்டல். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கிறவன்போல ஓடினான். அந்த நேரத்துக்கு ஆமத்தூருக்கு பஸ்ஸே கிடையாது.

பையன் பி.ஏ. இல்லை, அதுதான் சங்கதி.

பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிறவர்கள் உலகத்தில் உண்டு. இவன் அப்பா சோலைச்சாமி, பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைத்து, காதும் குத்தி, பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டு வருகிற ரகம். ஆமத்தூரில் கரிசல் காட்டு விவசாயத்தை நம்பியிருந்த சம்சாரி. மழை இரண்டு வருடம் பொய்த்ததும் ஊருக்கு மேற்கே கொட்டகை போட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் ஆரம்பித்தார். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியைத் தேட வேண்டாம். தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். எல்லாரும் மயில், மான், புலி என்று லேபிள் போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு வேறு யோசனை வந்தது. மகன் விருதுநகர்க் கல்லூரியில் கடைசி வருடம். காட்டில் திரிகிற மானை எவனும் போடுவான், பி.ஏ.வைப் போட எவனிடம் பிள்ளை இருக்கிறது?

விருதுநகர் போட்டோ ஸ்டுடியோவில் பட்டதாரி அங்கியும் தொப்பியும் ஆணியில் தொங்கும். பாஸானவர்கள் வந்து மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். சோலைச்சாமி பங்குனியிலேயே, பரீட்சை எழுதி முடித்த மறுநாளே, மகனைக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டார். "ரிசல்ட் வரட்டும்யா" என்று கெஞ்சினான் சுந்தரபாண்டி. "ரிசல்ட்டு அது பாட்டுக்கு வரும். சீசன் நமக்காக நிக்குமாலே?" என்றார். படம் சிவகாசி அச்சாபீசுக்குப் போனது. அங்கே ஓவியர் நாகையா அதை அச்சுக்கல்லில் வரைந்தார். மூன்று கலரில் கட்டுக்கட்டாக லேபிள் வந்து இறங்கியது. ரிசல்ட்டும் பின்னாலேயே வந்தது. தமிழ் பாஸ். பொருளாதாரம் பாஸ். ஆங்கிலம் போச்சு.

ஆங்கிலம் என்றால் ‘பார்ட் ஒன்’. இரண்டாம் வருடமே எழுதி விழுந்து, மூன்றாம் வருடம் மறுபடி எழுதி, மறுபடி விழுந்தது. வகுப்புக்கு ஒழுங்காக வந்திருக்க வேண்டும், வந்திருந்தான். மூன்று பார்ட்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும், இரண்டில் தேறியிருந்தான். மூன்றும் சேர்ந்தால்தான் பட்டம். இது சோலைச்சாமிக்குப் பிடிபடவே இல்லை.

"மூணு மடையில ரெண்டு மடை திறந்தாச்சு. வயலு நனையாமயாலே போச்சு?"

"இதுல மூணாவது மடையும் திறந்தாத்தான்யா தண்ணியே வரும்."

"அது எந்த ஊருக் கண்மாயி?"

விஷயத்தை வீட்டுக்குள்ளேயே அமுக்கிவிட்டார்கள். செப்டம்பரில் மறுபடி எழுதலாம். அதுவரை லேபிள் இருக்கிறது, லோடு போகிறது. கொல்லத்திலிருந்து ஆர்டர்மேல் ஆர்டர். சுந்தரபாண்டிதான் பாவம், தெருவில் தலைகாட்ட முடியாமல் தவித்தான். எவன் மடியைத் தடவினாலும் இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெற்றிலைக் கடையில், பார்பர் ஷாப்பில், கோயில் வாசலில், எங்கு போனாலும் பி.ஏ. பாஸான சுந்தரபாண்டி இவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து, தொப்பியோடு இவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பயலை இவனுக்குக் கட்டோடு பிடிக்கவில்லை.

ஒருநாள் சோலைச்சாமி அவனைச் சிவகாசிக்கு அழைத்துப்போனார். மகனைத் திட்டுகிற மனிதர் இல்லை, ஆனால் வியாபாரி. "அடுத்த லோடு லேபிளு கார்த்திகையில அடிக்கணும். அதுக்குள்ள பாசாயிட்டான்னா சரி. இல்லேன்னா என்ன செய்யலாம் நாகையா?" நாகையா ஒரு லேபிளை எடுத்தார். பென்சிலால் தொப்பியை மறைத்து, இழுத்து, சுற்றி, நாலு கோட்டில் முண்டாசு கட்டிவிட்டார். "கல்லுல தொப்பியச் சுரண்டிட்டு இப்படி மாத்திரலாம். சம்சாரி மார்க்குன்னு போட்டுக்கிடுங்க."

சோலைச்சாமி லேபிளைக் கையில் வாங்கினார். முகம் பூவாக மலர்ந்துவிட்டது. "அடேயப்பா! நானேதான்ப்பா இது!" அச்சாபீசில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களும் வந்து பார்த்து, ஆமா முதலாளி, அச்சு அசல் நீங்கதான் என்றார்கள். சுந்தரபாண்டி அப்பாவையே பார்த்தான். இந்த மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டால் தொப்பி பிழைக்காது. இத்தனை நாள் எந்தத் தொப்பியைக் கண்டு ஓடினானோ, அதை யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்றதும் தலையைக் கையால் பொத்திக்கொள்ளலாம்போல இருந்தது. அன்றைக்குத்தான் அவனுக்கு பி.ஏ. வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை வந்தது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் தாய்மாமன் குடும்பம் வந்திருந்தது. சாத்தூரில் வியாபாரம் பண்ணுகிற மாமன், பெயில் சங்கதி தெரிந்தவர். மாமன் மகள் முத்துமாரியைத் தை மாதம் இவனுக்குக் கட்டுவதாகப் பேச்சு. பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பி.ஏ. போட்டால்தான் அச்சடிப்பேன் என்று மாமன் ஒற்றைக்காலில் நின்றார். ஆற்று மணலில் பொங்கல் பானைக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த முத்துமாரி, பக்கத்தில் யாருமில்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்:

"தினமும் விடியக்காலம் ஒங்களத்தான் ஒரசி ஒரசி அடுப்பு பத்தவைக்கேன் மச்சான்."

அவன் காது சிவந்துபோனது.

"தொப்பியச் சுரண்டப் போறாகளாமே? எங்கய்யா சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. வேணாம் மச்சான். தொப்பியிலதான் மூக்கு எடுப்பாத் தெரியுது."

அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று அவன் கொட்டித் தீர்த்துவிட்டான். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதச் சொல்வார்கள். அங்கேதான் அவனுக்குக் குழி. ஆமத்தூரில் ஒருத்தர் சொன்னதைப் பாதியில் வெட்டினால் மரியாதை இல்லை; மேலே ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வதுதான் பழக்கம். "நான் சுருக்குனா ஒன்னரைப் பக்கம் வருது புள்ள."

முத்துமாரி சுள்ளியைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் எட்டாவதோடு நின்றவள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கய்யா கொல்லத்துக்குத் தந்தி குடுக்கறதப் பாத்திருக்கீகளா? வாயால சொல்றப்ப ராமாயணம். தபாலாபீசுல எழுதுறப்ப அஞ்சு வார்த்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் எங்கய்யா ஒங்கள்ட்ட காசு கேப்பாருன்னு நெனச்சுக்கிட்டு எழுதுங்க" என்றாள்.

அன்றிலிருந்து சுந்தரபாண்டி தந்தியாகவே மாறிவிட்டான். செய்தித்தாளைத் தந்தி ஆக்கினான். அப்பாவின் வசவைத் தந்தி ஆக்கினான். வீட்டுக்குள் நுழையும்போதே "பசி. சோறு உடனே" என்பான். அம்மா ராமுத்தாய் பயந்துபோய், "நல்லாத்தானய்யா பேசிக்கிட்டிருந்தே, காத்துக் கருப்பு அடிச்சிருச்சா?" என்று வேப்பிலை தேடினாள். பரீட்சை மண்டபத்தில் அந்தக் கேள்விக்கு வந்தபோது எதிரே மாமன் கையை நீட்டிக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொண்டான். பேனா தானாக நின்றது. எண்ணிப் பார்த்தான், மூன்றில் ஒரு பங்குக்கும் இரண்டு வார்த்தை குறைவு. மாமனுக்கு மிச்சம் என்று வெளியே வந்தான்.

கார்த்திகையில் ஒரு காலை, விருதுநகர் ரயிலடியில் பேப்பர்க் கட்டு இறங்கியது. சோலைச்சாமிக்கு ஆங்கிலம் தெரியாது, நம்பர் தெரியும். மகன் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கி, விரலை வைத்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்று, "இருக்குலே!" என்று போட்ட சத்தத்தில் கிளம்ப இருந்த கூட்ஸ் வண்டி கார்டு கொடியை இறக்கிவிட்டார். அன்று தீப்பெட்டி ஆபீசில் வேலை இல்லை. சாத்தூர்ச் சேவு கூடை கூடையாக வந்தது. காரணத்தைச் சோலைச்சாமியே வாய்தவறி உளறிவிட்டார். லேபிள் ஒட்டுகிற மாடத்தி சேவை வாயில் போட்ட கையோடு, "அப்ப இம்புட்டு நாளும் பெயிலான மொகத்துலயா நாங்க பசை தடவுனோம்?" என்று கேட்க, கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. சுந்தரபாண்டியும் சிரித்தான். எத்தனை மாதமாயிற்று அப்படிச் சிரித்து! தொப்பி தப்பியது. தை மாதம் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து, தங்க மையில் விழுந்தது.

கதை முடிந்தது என்று சோலைச்சாமி நினைத்தார். முடியவில்லை. பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கிய பிறகுதான் முறைப்படி அந்த அங்கிக்கு உரிமை என்றான் மகன். "இன்னுமாலே?" என்று மலைத்தவர், தபாலிலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டதும் பொங்கிவிட்டார். "தபால்ல வாங்கறதுக்கா இம்புட்டுப் பாடு? கெளம்புங்கலே பட்டணத்துக்கு!" ஆவணியில் மகன், மருமகள், அவர், ஒரு பை நிறையத் தீப்பெட்டி என்று எழும்பூரில் போய் இறங்கினார்கள். கடற்கரைக்கு எதிரே இருந்த பெரிய மண்டபத்தில் அங்கி போட்ட பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சோலைச்சாமி வராந்தாவில் நின்று, வாட்ச்மேனிலிருந்து கார் டிரைவர் வரைக்கும் ஆளுக்கொரு பெட்டி கொடுத்து, "பெட்டியில இருக்கறது உள்ள இருக்கான், வெளிய வர்றப்ப பாருங்க" என்றார்.

திரும்பும் ரயில் மதுரையை விட்டுக் கிளம்பியபோது நன்றாக விடிந்திருந்தது. திருப்பரங்குன்றம் மலைமேல் வெயில் ஏறியது. முத்துமாரி பட்டம் இருந்த குழலை மடியில் வைத்துக்கொண்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். சோலைச்சாமி யோசனையாக மென்றுகொண்டே கேட்டார்:

"ஏலே பாண்டி, மேடையில ஒரு பெரியவரு என்னமோ கேட்டாரு. நீங்க அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு ஒரே வாயாச் சொன்னீகளே, அது என்னது?"

"சத்தியம்யா. பட்டம் குடுக்கதுக்கு முன்னால வாங்குவாக."

இட்லி பாதி வழியில் நின்றது. "பரிச்ச எழுதிப் பாசானவன்கிட்ட சத்தியம் எதுக்கு?"

"அது பண்ணாம பட்டம் இல்ல."

"என்னன்னு பண்ணுனே?"

"நெதமும் நடக்கறதுலயும் பேசறதுலயும் இந்தப் பட்டத்துக்குத் தக்கன நடந்துக்கிடுவேன்னு."

"அம்புட்டு நீள இங்கிலீசுக்கு அம்புட்டுத்தானா?"

"சுருக்கிச் சொல்லியிருக்கேன்யா" என்றான். முத்துமாரி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சோலைச்சாமி சிரிக்கவில்லை. அவர் சத்தியத்துக்குப் பயந்த ஆள். பங்காளியோடு வரப்புத் தகராறு வந்தபோது, கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு, நிலம் உனக்கு என்றார்கள். மனசில் ஒரு துளி சந்தேகம் இருந்ததால் நிலமே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். லேபிளில் இருந்த மகனின் முகத்தைப் பார்த்தார், இப்போது சத்தியம் பண்ணிய முகம். இப்போது தொப்பி அவனுடையதுதான், அங்கி அவனுடையதுதான். பார்வை கீழே இறங்கியது. ‘பி.ஏ. மார்க்’குக்கும் கீழே, ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: சராசரி ஐம்பது குச்சிகள். அதை அச்சடிக்கச் சொன்னதும் அவர்தான். பெட்டியில் எத்தனை அடைக்கச் சொன்னார் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

தோள் துண்டை சீட்டில் விரித்தார். பெட்டியைத் திறந்து கவிழ்த்தார். "ஒண்ணு... ரெண்டு..." என்று உதடு அசைய, ஒவ்வொரு குச்சியாக ஒதுக்கினார். திருமங்கலத்தில் ஏறிய ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசிக் குச்சியை ஒதுக்கியவர் அந்தப் பொடி எழுத்தை இன்னொரு தடவை படித்தார். முத்துமாரி ஏதோ கேட்க வாயெடுத்தாள். சுந்தரபாண்டி அவள் கையைப் பிடித்து அமர்த்தினான். சோலைச்சாமி இன்னொரு பெட்டியை உடைத்து, அதிலிருந்து குச்சி எடுத்து முதல் பெட்டியை நிரப்பி மூடினார். பிறகு இரண்டாவது பெட்டியைப் பார்த்தார். அது இப்போது முன்னைவிடக் குறைந்துபோய்க் கிடந்தது. மூன்றாவதை எடுத்துத் துண்டில் கவிழ்த்தார்.

கள்ளிக்குடி தாண்டி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. துண்டிலிருந்த குச்சிகள் எல்லாம் உருண்டு ஒன்றோடொன்று கலந்து சீட்டின் விளிம்புக்கு ஓடின. முத்துமாரி சட்டென்று சேலைத் தலைப்பை விரித்து அணைபோட்டாள். சோலைச்சாமி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.