ஆறு முதல் ஆறரை வரை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். அங்கே சுவரோரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும். இது கத்திச் சொல்லக்கூடிய கதை இல்லை. ஒரு வீட்டுக் குளியலறையில் நடந்த கதை. கதவுக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருவர், அவ்வளவுதான். முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பாதியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போகாதீர்கள், என் கண்ணுகளா.

அந்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு குளியலறை. அதற்குள் நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படும். ஒரு மூலையில் கக்கூஸ், எதிர் மூலையில் குழாய், நடுவில் ஒரு ஆள் திரும்புகிற இடம். மேலே ஒரு வென்டிலேட்டர். வாசற்கதவை விட்டால், அந்த வீட்டிலேயே உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது அந்த ஒரு கதவுக்குத்தான்.

வீட்டுப் பெரியவர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போட்டு, விசில் ஊதி அனுப்புகிற வேலை. ரிட்டயராகி எத்தனையோ வருஷமான பிறகும் மாடிப்படியில் பார்க்கிறவர்கள் அவரை டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டு வருஷம் முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். அப்போது மகன் கக்கூஸ் பக்கத்துச் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி அடித்துக் கொடுத்தான். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டான். அந்தக் கைப்பிடியும் நாற்காலியும் இருந்ததால் பெரியவருக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. கைத்தடியை ஊன்றித் தன் காலில் போவார், தன் வேலையை முடிப்பார், தன் கையால் கழுவிக்கொண்டு வருவார். வாழ்ந்த வாழ்க்கையில் அவருக்கென்று மிச்சமிருந்த கெத்து அது ஒன்றுதான்.

மருமகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரேயடியாக அவளைத் திட்டிவிடாதீர்கள். வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று போன் பண்ணுகிறவர்களின் புகாரை வாங்குகிற வேலை அவளுக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், முகம் தெரியாதவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். திருப்பி ஒரு வார்த்தை பேசக் கூடாது. "மன்னிக்கணும் சார்" என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் தலை விண்விண்ணென்று தெறிக்க வீட்டுக்கு வந்து, வெங்காயம் நறுக்காத நாளிலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள்.

கூட வேலை பார்க்கிற ஒருத்தி தியான ஒலிப்பதிவு ஒன்றை அவள் போனுக்கு அனுப்பி வைத்தாள். அரைமணி நேரம். தேன் தடவிய மாதிரி ஒரு பெண் குரல். தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று முதலிலேயே அந்தக் குரல் சொல்லிவிடும்.

"மாமா, எனக்கு பாத்ரூம் காலையில ஒரு அரைமணி நேரம் வேணும். உங்களுக்குத் தொந்தரவு இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லுங்க" என்று பணிவாகத்தான் கேட்டாள்.

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன்னிடம் ஒருவர் வந்து நேரம் கேட்டு எத்தனை காலமாயிற்று!

"இதுக்கென்னம்மா தயக்கம்? எனக்கு அஞ்சரை. அஞ்சே முக்காலுக்கு நான் வெளிய வந்துருவேன். உனக்கு ஆறுலேருந்து ஆறரை. உம் புருஷனுக்கு ஆறே முக்கால். அவனுக்கு முழிப்பு வந்தா!"

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, குண்டு குண்டான எழுத்தில் அட்டவணை எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டார். "நேரம் தவறுதல் ஆகாது" என்று அடிக்கோடு வேறு. அதைக் குளியலறைக் கதவில் அவரே ஒட்டினார்.

மருமகள் அந்தப் பொந்துக்குள் ஒரு சின்ன உலகத்தையே கட்டினாள். பாராட்டத்தான் வேண்டும். தரையை ஈரம் போகத் துடைப்பாள். பாயை நாலாக மடித்துப் போடுவாள். பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் போனை வைப்பாள். வென்டிலேட்டர் திண்டில் ஒரு மெழுகுவர்த்தி, சோப்பு டப்பா இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைக் கொடி, மூலையில் நாலு சொட்டு வாசனை எண்ணெய். ஆறு மணிக்கு வெயில் ஒரு கோடாக உள்ளே விழும். அந்தக் கோட்டுக்கு நேராக முகத்தை வைத்து உட்காருவாள்.

ஒரு மாதத்தில் தலைவலி விட்டுப் போயிற்று. குரல் தணிந்தது. சிரிப்பு வந்தது. புருஷனுக்கு நம்பவே முடியவில்லை.

"என்னடி, நேத்து டிபன் பாக்ஸைத் தொலைச்சிட்டு வந்தேன், ஒண்ணுமே சொல்லல?"

"போகுது விடுங்க. அதெல்லாம் என்னை இப்ப தொடுறதில்ல."

அதற்குப் பிறகு, உட்காருகிற இடம் போதவில்லை என்று தோன்றியது. பிளாஸ்டிக் நாற்காலி மொட்டைமாடிக்குப் போயிற்று. கைப்பிடி அவள் முதுகில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் குழாய் ரிப்பேர்க்காரரை வரவழைத்தாள்.

அவர் ஸ்பேனரை வைத்துக்கொண்டே யோசித்தார். "இதைக் கழட்டிட்டா பெரியவர் எதைப் புடிச்சி எந்திரிப்பாரு, மேடம்?"

"சுவரு இருக்குல்ல."

"சுவத்தப் புடிக்க அவரென்ன பல்லியா?"

அடுத்த அறையிலிருந்து பெரியவர் சிரித்தார். அவருக்கு ஜோக் பிடிக்கும். சிரித்துவிட்டு, கழற்றுகிற சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். கைப்பிடி இருந்த சுவரில், தலைக்கு மேலே ஒரு மரப்பலகை வந்தது. அதில் இன்னும் மூன்று கண்ணாடி டம்ளர்.

அன்றிலிருந்து கக்கூஸிலிருந்து எழுந்திருக்க அவர் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து, மூன்று தடவை முயற்சி பண்ணினார். யாரிடமும் சொல்லவில்லை. கால்மணியில் முடிகிற வேலை இருபத்தைந்து நிமிஷமாயிற்று. ஆனாலும் ஆறு அடிப்பதற்குள் வெளியே வந்துவிடுவார். சார்ட் அவர் போட்டதாயிற்றே.

டிரைவர்களையும் கண்டக்டர்களையும் அவர் நேரத்துக்குக் கட்டி வைத்திருந்தார். தன் வயிற்றைக் கட்டி வைக்க அவரால் முடியவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் அது முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. ஏமாந்து வெளியே வருவார். ஆறு பத்துக்குப் புரட்டிக்கொண்டு வரும். வந்தால் நிற்காது.

முதல் நாள் கதவைத் தட்டினார். மெதுவாக, விரல் நுனியால்.

"ம்மா… கொஞ்சம் அவசரம்."

உள்ளே அந்தத் தேன்குரல் பேசிக்கொண்டிருந்தது. "உங்களைத் தொந்தரவு செய்கிற எதுவும் உங்களுடையது அல்ல. அதைக் கதவுக்கு வெளியே விட்டுவிடுங்கள்…"

"ம்மா."

"மாமா." மருமகளின் குரல் அதைவிட இனிப்பாக வந்தது. "பதட்டப்படாதீங்க. மூச்சை மூக்கால இழுங்க. நாலு எண்ணுங்க. மெதுவா விடுங்க. உடம்பு மனசு சொல்றதைக் கேக்கும்."

அந்த மனுஷன் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து நாலு எண்ணினார். நிஜமாகவே எண்ணினார், பாவம். நேரத்தையும் எண்ணிக்கையையும் நம்பியே வாழ்ந்தவர் அல்லவா? அன்றைக்கு எப்படியோ தாங்கிவிட்டார். கதவு திறந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை.

"பாத்தீங்களா? முடிஞ்சுதுல்ல?" என்று மருமகள் மலர்ந்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் அவர் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டேய், உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. ஒரு அரைமணி தள்ளி வச்சுக்கச் சொல்லு. ஆறரைக்கு உக்காரட்டுமே."

"ஆறரைக்கு வெயில் நகந்துருதாம்பா."

"வெயில் நகந்தா பாயை நகத்திப் போடலாம். நான் எங்கடா நகருவேன்?"

மகன் தரையைப் பார்த்தான். "இப்பத்தான்ப்பா வீட்ல கொஞ்சம் நிம்மதி. அதைக் கெடுக்கச் சொல்றீங்களா? அதுவும் சார்ட் நீங்களே போட்டது. நேரம் தவறுதல் ஆகாதுன்னு நீங்கதான எழுதினீங்க?"

பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்து போனார். எதிர்வீட்டில் போய் அவசரத்துக்குக் கக்கூஸ் கேட்பதைவிட உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிற ஆள் அவர். கீழே இறங்கிப் போக மூன்று மாடி. அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். மத்தியானம் மூன்று மணிக்குமேல் தண்ணீரைத் தொடவில்லை. உதடு வெடித்தது. நாக்கு மரக்கட்டையாயிற்று. மருமகள் அதையும் கவனித்தாள்.

"மாமாவும் நம்மள மாதிரி ஒழுங்குக்கு வந்துட்டாரு. ராத்திரி வயித்தக் காயப்போடுறது ரொம்ப நல்லதாம்" என்று புருஷனிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள். அவன் தலையாட்டினான். எச்சில் விழுங்க முடியாமல் அப்பா தொண்டையைத் தடவிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

பட்டினி போட்டால் வயிறு அடங்கும் என்று கணக்குப் போட்டார். அது இன்னும் கெட்டுப்போயிற்று. ஒரு காலை, மணி ஆறு ஐந்து. அடிவயிற்றைக் கத்தி போட்டுத் திருகின மாதிரி வலி. கைத்தடியைத் தேடக்கூட நேரமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவில் அறைந்தார்.

"ம்மா! திறம்மா! முடியலம்மா!"

"மாமா, மூச்சு…"

"மூச்செல்லாம் இல்லம்மா! ரெண்டே நிமிஷம்! ரெண்டு நிமிஷம் குடும்மா!"

அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்லிக் கேட்டதும் அவருக்கு ஒரு டிரைவர் ஞாபகம் வந்தான். டிப்போ வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் சார், போய்ட்டு வந்துர்றேன்" என்று கெஞ்சினான். "ரெண்டு நிமிஷம் சார்ட்ல எங்கய்யா இருக்கு?" என்று இவர் விசிலை ஊதினார். வண்டி கிளம்பியது. கடைசி ஸ்டாப்பில் அவன் எந்த நிலையில் இறங்கினான் என்பதை ஒரு வாரம் டிப்போவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இவரும் சிரித்தார். அவன் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை. அவன் முகத்து வேர்வை மட்டும் அப்படியே கண் முன்னால் நின்றது.

கதவு திறக்கவில்லை. உள்ளே குரல் சொல்லிக்கொண்டிருந்தது: "எதையும் பிடித்து வைக்காதீர்கள். போக விடுங்கள்…"

மகன் படுக்கையில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். தூங்கவில்லை. தூங்குகிறவன் காதைப் பொத்திக்கொள்ள மாட்டான்.

அட்டவணை ஒட்டிய கதவுக்கு முன்னால், நின்றபடியே, அந்தப் பெரிய மனுஷனுக்கு எல்லாம் கையை மீறிப் போயிற்று. கால் வழியாக, வேட்டி வழியாக, தரை வரைக்கும். அதோடு காலும் மடங்கிற்று. அப்படியே அதிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கப் பிடிமானம் இல்லை. இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யார் வந்து பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

சரியாக ஆறரைக்குத் தாழ்ப்பாள் விலகியது. மருமகள் வெளியே வந்தாள். வாசனை எண்ணெயும் மெழுகும் கலந்த காற்று அவள் பின்னால் வந்தது. கீழே பார்த்தாள். நின்றாள். கண்ணை மூடினாள், நாலு எண்ணினாள், திறந்தாள்.

அவள் முகம் பூத்தது.

"மாமா, எனக்குக் கோபமே வரல! பாத்தீங்களா? போன வருஷமா இருந்தா நான் இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பேன்." நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். "ஒரு துளிகூட வரல!"

"மன்னிச்சிரும்மா" என்றார் பெரியவர். "லேட்டு எம்மேலதான்."

"பரவால்ல மாமா. யார் மேலயும் தப்பில்ல." புடவையைத் தூக்கிப் பிடித்து, அவர் காலைத் தாண்டிக்கொண்டு, புருஷனை எழுப்பப் போனாள்.

மகன் வந்து கழுவிவிட்டான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு. சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது மருந்துக்கடைப் பை ஒன்று கையில் இருந்தது. உள்ளே பெரியவர்களுக்கான டயபர்.

பெரியவர் அந்தப் பையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"என்னால நடக்க முடியும்டா. நல்லா நடக்க முடியும். இப்ப வேணா நடந்து காட்டட்டுமா?"

"நடக்க முடியும்ப்பா. உங்களுக்கு நேரம்தான் இல்ல."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்தான். ராத்திரி படுக்கப் போகும்முன் அவனே கட்டிவிட்டான். டைம்கீப்பர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால்களை அவன் சொன்ன மாதிரி தூக்கிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து காலையில் யாரும் கதவைத் தட்டவில்லை. மருமகள் ஆறரைக்கு வெளியே வந்து, போனில் தன் தோழிக்குக் குரல் பதிவு அனுப்பினாள். "இன்னைக்குத்தான்டி சரியா உக்காந்தேன். ஈ பறந்தாக்கூடக் கேக்கும், அப்படியொரு அமைதி." கட்டிலில் கிடந்த பெரியவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவருக்கு அன்றைக்கு ஐந்தரைக்கே வந்திருந்தது, தெரியுமா? குளியலறை காலியாகத்தான் கிடந்தது. எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே இருந்துவிட்டார். அதன் பிறகு ஒரு நாளும் அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை.

இவ்வளவுதான், என் கண்ணுகளா. போங்கள், நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுங்கள். உங்கள் வீட்டில் முடியாதவர் கூப்பிட்ட குரலுக்குத் தூக்கம் கலையட்டும். செய்கிற கை சலிக்காமல் இருக்கட்டும், கேட்கிற வாய் கூசாமல் இருக்கட்டும். சிறியவரும் பெரியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி, நிறைந்து வாழுங்கள்.