மாதாவின் கவசம் கறுத்த கோடை

குளிர்காலத்தில் பளபளவென்று துடைத்து மாதா படத்தின்மேல் பொருத்திய வெள்ளிக் கவசம் ஜூன் மாதத்துக்குள் கரிச்சட்டியாகிவிட்டால் ரத்காவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பல்கேரிய மலையூர் ஒன்றின் சின்ன அருங்காட்சியகத்தில் உலோகப் பொருட்களைப் பராமரிப்பவள் அவள். காரணம் தெரியவில்லையென்றால் மாதா படத்தைத் தலைநகர் சோஃபியாவுக்கே கொண்டுபோய்விடுவோம் என்று அங்குள்ள மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஊரின் பெருமையே அந்தப் படம்தான்.

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியிலிருந்த வெள்ளிக் கிண்ணங்களோ ஜம்மென்று மின்னின.

"மாதா துக்கம் காக்கிறாங்க," என்றாள் காவலுக்கு உட்காரும் ஸ்தோயன்கா.

"துக்கம்னா கண்ணீர் வரணும்க்கா. கந்தகம் பட்டாத்தான் வெள்ளி இப்படிக் கறுக்கும். பெட்டிக்குள்ள இருக்கிற காத்துல எதுவோ கலக்குது."

எது? பெட்டியில் விரித்த துணி, பூசிய சாயம், ஒட்டிய பசை எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, மினுக்கிய வெள்ளித் துண்டோடு தனித்தனிச் சீசாவில் அடைத்துப் பார்த்தாள். ஒன்றும் கறுக்கவில்லை. பிறகு பெட்டிக்குள்ளேயே மூலைக்கொரு துண்டை வைத்தாள். படத்தின் பின்பக்கம் வைத்தது மட்டும் மை பூசியது போலாயிற்று. ஆளை விட்டேனா பார் என்று, படத்தை இறக்க இயக்குநர் கமெனைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கேவா?" என்று இழுத்தார் அவர்.

இறக்கினார்கள். குப்பென்று நாற்றம். சட்டத்தின் பின்குழிவில் விரிசல் விட்ட சிவப்பு முட்டை! ஈஸ்டருக்குச் சாயம் போட்ட முதல் முட்டையைச் சாமி படத்தருகே குடும்பத்துக்குக் காவலாக ஒரு வருஷம் வைப்பது வீட்டு வழக்கம், அருங்காட்சியகத்திலுமா? தூசி போகக்கூடாதென்று அவளே இறுக்கி அடைத்த பெட்டி. அழுகிய முட்டையின் கந்தகக் காற்று வெளியேற வழியின்றி வெள்ளியைத் தின்றிருக்கிறது.

பெட்டிச் சாவி அவளிடமும் கமெனிடமும்தான் உண்டு. 'சாமியாவது பூதமாவது' என்று ஊரையே கிண்டலடிப்பவர் தரையைப் பார்த்தார்.

"சார்! நீங்களா?"

"ஈஸ்டருக்கு மறுநாள் பொண்ணுக்கு இதய ஆபரேஷன்மா. வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்?" கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் வச்சேன்னு சோஃபியாவுக்கு நானே சொல்லிடுறேன். படம் இங்கதான் இருக்கும்."

திட்டுவதற்கு வாயெடுத்தாள் ரத்கா. அதற்குள் அவர் தணிந்த குரலில் கேட்டார்: "இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கா. வருஷம் முடியறதுக்குள்ள எடுத்தா... ஒண்ணும் ஆகாதே?"

மூக்கைப் பொத்திக்கொண்டு முட்டையைக் கைக்குட்டையில் சுற்றினாள்.

"எங்க வீட்டு மாதா படம் வெறும் மரம் சார், வெள்ளி கிடையாது. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் அங்க இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வச்சுக்கிறேன்."